உமிச்சட்டிக்குள் ஆலா

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சுடும். வயிறு அதற்குப் பிறகுதான். தம்பியின் மனைவி முதன்முதலாக ஒரு கண்ணாடி நண்டைச் செய்து என் கையில் வைத்த அன்று இரண்டும் ஒன்றாகச் சுட்டன.

பெருவிரல் நகமளவு நண்டு. கையில் போடும் பச்சைக் கண்ணாடிக் காப்பு உடைந்ததை உருக்கிச் செய்தது. கால்கள் சரியாக இருந்தன, கடிகால்கள் இரண்டும் சரியாக இருந்தன. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நண்டின் கண் உடம்பில் ஒட்டியிருக்காது, வெளியே ஒரு காம்பின் நுனியில் நிற்கும். அவள் அந்தக் காம்பையும் வைத்திருந்தாள். கடற்கரையில் பிறந்து முப்பத்தைந்து வருடம் நண்டு உடைத்துக் குழம்பு வைத்தவள் நான், அந்தக் கண்ணை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள், எங்கள் கரையை மிதித்து ஆறு மாதம் ஆகாதவள், பார்த்திருக்கிறாள்.

"எப்பிடி மச்சாள்?" என்றாள். நாத்தனாரும் தம்பி பெண்சாதியும் எங்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆரின்ரையும் காலிலை குத்தாமல் எங்கையாவது எடுத்து வை," என்றேன்.

அதுதான் நான். நல்லது சொல்ல வாய் வரும், கூடவே ஒரு முள்ளும் வரும்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் நீரேரியைக் கடந்து வன்னிக்குள் வந்து, பள்ளிக்கூடங்களிலும் மரங்களின் கீழும் கிடந்து, பிறகு மெல்ல மெல்லக் கொட்டில் போட்டுக்கொண்ட காலம் அது. எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு நீள மணல். தம்பி கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நெடுங்கேணிச் சந்தைக்குப் போவான். அங்கே ஒரு வேப்பமரத்தின் கீழ் இவள் தாயோடு இருந்து, ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பன் நகை வேலை செய்தவர். இடம்பெயர்ந்த வழியில் செத்துப்போனார். அவருடைய ஊதுகுழலும் குறடும் உமிச்சட்டியும் இவள் கையில் மிஞ்சியிருந்தன.

தம்பி முதல் கிழமை எங்கள் பித்தளைக் கேத்திலைக் கொண்டுபோய் அடைத்து வந்தான். அடுத்த கிழமை ஒரு தகரப் பேணி. மூன்றாம் கிழமை ஓட்டையே இல்லாத செம்பு ஒன்றைக் கொண்டுபோனான். எனக்கு விளங்கிவிட்டது. தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்குக் கலியாணம் கூடிவந்த இரண்டு தடவையும், இவனை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்தவள். அதை அவனுக்கு நான் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சொல்லிக்கொள்வேன்.

அவள் ஞானஸ்நானம் எடுத்தாள், எங்கள் மாதா கோயிலில் தாலி கட்டினார்கள், என் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுகிழமையே என் குசினியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். வேறு இடத்தில் காற்று விளக்கை ஆட்டும், அங்கேதான் சுடர் நிமிர்ந்து நிற்கும் என்றாள். அது உண்மைதான். உண்மையாக இருந்தபடியால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எங்கள் கரையில் நேர்த்திக்கடன் என்றால் வாயால் சொல்வதோடு முடியாது. கண் சுகமாக வேண்டுமென்றால் வெள்ளியில் ஒரு கண் செய்து மாதாவின் காலடியில் வைப்பார்கள். காலுக்குக் கால், வள்ளத்துக்கு வள்ளம். வெள்ளி எட்டாதவர்களுக்கு மெழுகு. அந்த மெழுகு உருவங்களை ஊருக்கு ஊற்றிக் கொடுத்தது நான்தான். யுத்தத் தடையால் மெழுகுதிரி வன்னிக்குள் அரிதாகவே வந்த அந்த நாட்களில்கூட, கோயிலில் எரிந்து முடிந்த அடிக்கட்டைகளைச் பங்குச் சுவாமி எனக்கென்று ஒரு பேணியில் சேர்த்து வைப்பார். பூவரசங்கட்டையில் நானே குடைந்த அச்சுகள் ஐந்து: மீன், வள்ளம், கண், கால், குழந்தை. மீனுக்குச் செதில் கிடையாது. குழந்தைக்கு முகம் கிடையாது. ஒருத்தி ஒருமுறை கேட்டாள். மாதாவுக்கு ஆளைத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஊரில் எனக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ஐந்து அச்சுகளில்தான் இருந்தது. கலியாணம் முடிக்காத பெண்ணுக்கு ஊரில் ஒரு இடம் வேண்டுமே. நேர்த்தி வைக்கிற எவளும் முதலில் என் படலையைத் திறக்க வேண்டும், என்னோடு இருந்து தன் துன்பத்தைக் கதைக்க வேண்டும், பிறகுதான் மாதாவிடம் போக வேண்டும். சுவாமிக்குத் தெரியாத கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

இவள் நண்டோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குடாநாட்டிலிருந்து வந்த காப்புக்கடைக்காரர் ஒருவர் கோயில் மண்டபத்தில் ஒரு தகரப் பெட்டியோடு கிடந்தார். பெட்டி நிறையக் கண்ணாடிக் காப்பு, அதில் பாதி நீரேரி கடக்கும்போதே நொறுங்கிப்போயிருந்தது. அந்த நொறுங்கலை அவர் இவளிடம் கொடுத்துவிட்டார். தடித்த திரி போட்ட தேங்காயெண்ணெய் விளக்கு, வாயில் ஊதுகுழல், கையில் குறடு. கன்னம் இரண்டும் உப்பி, மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் விடாமல் ஊதுவாள். சுடர் மெலிந்து நீலமாகி ஒரு பக்கம் சாயும். காப்புத் துண்டு அதன் நுனியில் பாகாக வளையும். அதை ஊசியால் இழுப்பாள், கிள்ளுவாள், திருகுவாள்.

செய்து முடித்ததை வெளியே வைக்கக்கூடாது. உடனே உமிச்சட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். உமி அடியில் கனன்றுகொண்டிருக்கும், மேலே சுடுசாம்பல். அதற்குள் கிடந்து விடியும்வரை கண்ணாடி மெல்ல ஆற வேண்டும். கெதியாக ஆறினால் உள்ளுக்குள் இறுகிப்போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு என்றைக்கோ ஒருநாள் தானாக வெடிக்கும். இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். நான் கேட்கவில்லை. கதைக்க ஆளில்லாமல் சொன்னாள், பாவம்.

களப்பில் இறால் படத் தொடங்கிய நேரம் ஒரு கண்ணாடி இறால் செய்தாள், மீசையோடு. பக்கத்துச் சனம் அதைக் கொண்டுபோய் நேர்த்தியாக வைத்தது. அந்த மாதம் இறால் நன்றாகப் பட்டது. சொல்லவா வேண்டும். கொக்கு, கூழைக்கடா, திருக்கை என்று ஒவ்வொருத்தியும் வந்து கேட்கத் தொடங்கினாள். என் படலையைத்தான் திறந்தார்கள், என்னைக் கண்டு சிரித்தார்கள், பிறகு என்னைக் கடந்து குசினிக்குள் போனார்கள். நான் முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

ஒருமுறை அவள் யாரும் கேட்காமலே ஒன்றைச் செய்தாள். கையகலத் தட்டைக் கண்ணாடி. மாரியில் களப்பு நிறைந்து, மணல் திட்டை உடைத்துக் கடலுக்குள் பாயும் இடம், அந்தப் பக்கம் மூன்று பனை. களப்புத் தண்ணீர் ஒரு பச்சை, கடல் இன்னொரு பச்சை, இரண்டும் சேரும் இடத்தில் கலங்கல். தம்பி அதைத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலில் கட்டிச் சன்னலில் தொங்கவிட்டான். காலை வெயிலுக்குத் தரையில் ஒரு பச்சை வெளிச்சம் விழும். அவன் பாயை அந்த வெளிச்சத்துக்குள் இழுத்துப் போட்டு, அதில் குந்தித் தேத்தண்ணீர் குடிப்பான். பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் அந்தச் சன்னலில் என் ஈரச் சீலையைக் காயப் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் காயப் போட்டேன். வளவு முழுக்கக் கொடி கிடந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம். சீலையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

எங்கள் கிழக்குப் பக்கத்து வளவில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் களப்பில் தொழில். அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் நான்தான் மெழுகுக் குழந்தை ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவதாக ஆறு மாதம் கடந்து வயிறு நின்றது. ஊரே அந்த வயிற்றைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. இந்தமுறையும் அவள் நேர்த்திக்கு என்னிடம் வருவாள் என்று நான் அச்சைக் கழுவி, எண்ணெய் பூசி வைத்திருந்தேன்.

வந்தாள். நான் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் நின்றாள்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ," என்றாள். "மெழுகு ரெண்டு தரம் வைச்சுப் பாத்தாச்சு. இந்தமுறை மச்சாளட்டை ஒரு ஆலா கேப்பமெண்டு வந்தனான்."

ஆலா என்றால் எங்கள் கரையில் பறக்கும் வெள்ளைக் கடற்குருவி. தலையில் கறுப்புத் தொப்பி, மஞ்சள் சொண்டு. அது கூடு கட்டாது. மணல் திட்டில், வெறும் மணலில், மணல் நிறத்திலேயே முட்டையிடும். நாய் ஓடும், ஆள் நடப்பார்கள், வெயில் கொளுத்தும்.

"அதுக்கே வருசா வருசம் குஞ்சு பொரிக்குது," என்று அவள் உள்ளே போய் என் மச்சாளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "முட்டையிலை இருக்கிற ஆலா ஒண்டு செய்து தாங்கோ. மாதாவுக்கு விளங்கும்."

மெழுகு இரண்டு தரம். என் மெழுகால்தான் அந்த இரண்டும் போனது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. அன்று அரைத்த சம்பலில் உப்புப் போட மறந்துபோனேன்.

மச்சாள் இரண்டு காலை மணல் திட்டுக்குப் போய் வயிறு படக் கிடந்து ஆலாக்களைப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் இரண்டும் சரிவரவில்லை, உடைத்துத் திரும்ப உருக்கினாள். வேறு வேறு பட்டறைக் காப்புகளைக் கலந்தால் ஒட்டாது என்று ஒரே பட்டறைக் காப்புக்குள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் தேடிப் பொறுக்கினாள். மூன்றாவது, ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் சரிவந்தது. செய்து சட்டிக்குள் இறக்கியபோது அவள் உதடு வெடித்து இரத்தம் கசிந்தது.

"மச்சாள், நான் கிணத்தடிக்குப் போட்டு வாறன். நாளைக்கு விடியத்தான் எடுக்கோணும். ஒரு சொட்டுக் காத்தும் படக்கூடாது. கோழி கீழி கிளறாமல் ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள்.

"போட்டு வா. நான் பாக்கிறன்," என்றேன்.

பார்த்தேன். குறடால் சாம்பலை விலக்கி வெளியே எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும். இறகு ஒவ்வொன்றின் ஓரமும் ஊசியால் கீறியிருந்தது. பறவை தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கீழே முட்டையைப் பார்த்தது. முட்டை மணல் நிறம், அதில் கறுப்புப் புள்ளிகள். எனக்கு அழுகை வந்தது. வடிவைக் கண்டு வந்த அழுகை என்று நினைக்க வேண்டாம். இதை நான் செய்யவில்லையே, இந்தப் பிறவியில் செய்யவும் மாட்டேனே என்று வந்த அழுகை.

குடம் வைக்கும் இடத்தில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். குடத்தை நகர்த்தி, அந்த ஈர மணலில் அதை வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் இரண்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன். வெடிக்கவில்லை. திரும்ப எடுத்துச் சாம்பலுக்குள் வைத்து மூடிவிட்டேன். குடத்தை அதன் இடத்தில் வைத்தேன். மச்சாள் நனைந்த தலையோடு வந்து, "கோழி வரேல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

என் கணக்கு இதுதான்: விடியும்போது சட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். மச்சாள் கைபிசைவாள். ஞாயிறு நேர்த்திக்குள் இன்னொன்று சரிவரச் செய்ய நேரமில்லை. பக்கத்து வளவுக்காரி என் மெழுகுக்கு வந்துதான் ஆக வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

விடிய மச்சாள் எடுத்தாள். முழுதாக இருந்தது. அவள் சாம்பலை ஊதித் துடைத்து வெயிலில் பிடித்தாள். என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேர்த்திக்காரர் கோயில் வாசலிலிருந்து முழங்காலில் போய் மாதாவின் காலடியில் வைப்பதுதான் வழக்கம். அவள் அந்த வயிற்றோடு முழங்காலில் போனாள். மாமி ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஆலாவை வைத்தாள். இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரிந்தது. அவள் கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினாள். செபம் பாதியில் டிக் என்றொரு சத்தம். பறவை கழுத்தோடு பிரிந்து விழுந்தது. முட்டை தனியே உருண்டு வந்து படியால் கீழே விழுந்து நொறுங்கியது.

முன்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னால் யாரோ ஒரு கிழவி மெதுவாகச் சொன்னாள், "மாதா ஏற்கேல்லை."

அவள் அழவில்லை. நொறுங்கலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். படுத்தவள் எழும்பவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா. நேற்று ஞானஸ்நானம் எடுத்தவளின் கை, மாதாவுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். கண்ணாடி உடையும், மெழுகு உடையுமா என்றார்கள். அந்தக் கிழமையே நான்கு பேர் என் படலையைத் திறந்து என்னிடமே வந்தார்கள். ஒரு வள்ளம், இரண்டு மீன், ஒரு கண். நானும் அவர்களுக்குச் சொன்னேன், "மெழுகு உடையாது." மச்சாள் ஊதுகுழலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். குசினி மூலை வெறுமையாகக் கிடந்தது. நாலு நாள் எனக்கு நல்ல நித்திரை. பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் மருத்துவிச்சி தண்ணீர் குடிக்க வந்தவ, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா.

"உந்தப் பிள்ளை தின்னுதில்லை," என்றா. "எப்பிடியும் போகப் போறது தானே, ஏன் வளப்பான் எண்டு கேக்குது. இப்பிடியே கிடந்தால் தாயும் தப்பாது, பிள்ளையும் தப்பாது."

நான் ஒரு மெழுகுக் குழந்தையை ஊற்றிக்கொண்டு போனேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஏற்காதவாவுக்குத் திரும்பத் திரும்பக் குடுக்கிறதே அக்கா?" என்றாள். சுவாமி போய், அது மூடநம்பிக்கை என்று அரை மணித்தியாலம் சொன்னார். ஓம் சுவாமி என்று கேட்டுக்கொண்டு கிடந்தாள். என் மச்சாள் தினமும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய், "அது என்ரை கைப்பிழை. சரியா ஆற விடேல்லை. மாதா என்ன செய்வா?" என்று சொல்லிச் சொல்லிக் கெஞ்சினாள். என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று அவள் அதையும் நம்பவில்லை. கஞ்சி ஒவ்வொரு நாளும் போனபடியே திரும்பி வந்தது.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொறாமைப்பட்டன் சுவாமி," என்றேன். யாரில் என்று கேட்டார். மச்சாளில் என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். வரும் வழியில் சொல்லி முடித்துவிட்டேன். படலையைத் திறக்கும்போது மச்சாள் கஞ்சிச் சட்டியோடு எதிரே போனாள். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். அவளாலும் சாப்பிட முடியவில்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

நானும் பின்னாலே போனேன்.

பக்கத்து வளவுக்காரி பாயில் கிடந்தாள். மச்சாள் பக்கத்தில் கஞ்சியும் அகப்பையுமாக இருந்தாள். மாமி வாசலில் இருந்தா.

"பிள்ளை, அதை மாதா உடைக்கேல்லை. நான்தான் உடைச்சனான்," என்றேன். "ஆற முன்னம் சாம்பலுக்குள்ளாலை எடுத்தனான்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களுமே அக்கா? ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர் வந்து பழியை ஏற்கிறியள். கோயிலும் செபமுமா இருக்கிற உங்களுக்கு உது வருமே? போங்கோ அக்கா."

ஊர் என்னை நல்லவள் என்று நினைத்திருந்தது. எத்தனை வருடம் பாடுபட்டு நினைக்க வைத்தது. இப்போது அது குறுக்கே நின்றது. நான் திரும்பிப் போயிருக்கலாம். சொல்லிவிட்டேன், நம்பவில்லை, என் கடமை முடிந்தது என்று போயிருக்கலாம். ஆனால் காது சுடத் தொடங்கிவிட்டது. அன்று அது வந்தது நல்லதுக்குத்தான்.

"எனக்கு வருமோ?" என்றேன். "கேள். இவள் வந்த நாளிலையிருந்து என்ரை தம்பி என்ரை கையாலை ஒரு தேத்தண்ணி கேட்டதில்லை. என்ரை குசினியிலை நான் இவளைச் சுத்திப் போய்த் தண்ணி அள்ளவேண்டிக் கிடக்கு. இவள் அந்த நண்டைச் செய்த நாள் தொடக்கம் எனக்கு நண்டு தின்ன மனமில்லை. உன்ரை மாமி, அந்தா இருக்கிறா, எத்தினை வருசமா என்னட்டை மெழுகு வாங்கினவா. இவளின்ரை இறாலைக் கண்டாப் பிறகுதான் என்ரை குழந்தைக்கு முகம் எங்கையெண்டு கேட்டவா. சன்னல்லை நான் சீலை காயப் போட்டது வெயிலுக்கெண்டோ நினைச்சியள்? இவள் செய்ததைப் பாத்துக்கொண்டு அவன் தேத்தண்ணி குடிக்கக்கூடாதெண்டு போட்டனான். இவள் ஊதேக்குள்ளை, ஒருக்கால் இருமினால் எல்லாம் கெட்டுப்போகுமே எண்டு பாத்துக்கொண்டிருப்பன். இருமமாட்டாள். அதுவும் எரிச்சல்."

மச்சாளின் கையிலிருந்த அகப்பை சட்டியில் முட்டி ஒரு சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நீ வந்து என்ன சொன்னனீ? மெழுகு ரெண்டு தரம் வைச்சாச்சு அக்கா எண்டனீ. உன்ரை ரெண்டு பிள்ளைக்கும் நான் அழுதுகொண்டு ஊத்தினனான். அதை ஒரு சொல்லிலை தூக்கி எறிஞ்சனீ. அண்டைக்கு உன்னிலையும் எரிஞ்சது. கெதியா ஆறினால் வெடிக்குமெண்டு எனக்குத் தெரியும், இவள்தான் சொல்லித் தந்தவள். தெரிஞ்சுதான் எடுத்தனான். குடத்தடி ஈர மண்ணிலை வைச்சனான். வெடிக்கட்டுமெண்டு பக்கத்திலை நிண்டு செபம் சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான்."

மூச்சு வாங்கியது. மாமி எழும்பி நின்றுவிட்டா. அவள் பாயில் கையூன்றி மெல்ல நிமிர்ந்து இருந்தாள். அத்தனை நாளாகச் சுவரைப் பார்த்த கண் இப்போது என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை யாரும் எனக்கு அதற்கு முன் தந்ததில்லை.

"என்ரை பிள்ளைக்கு வைக்கப்போறதெண்டு தெரிஞ்சும்?" என்றாள்.

"ஓம்."

"ஈர மண்ணிலை?"

"ஓம்."

அவள் வயிற்றில் ஒரு கையை வைத்தாள். முகத்தில் இரத்தம் ஏறுவதைக் கண்டேன். பிறகு மச்சாளின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"கஞ்சியைத் தாங்கோ," என்றாள். அகப்பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் வெளியிலை போங்கோ. உங்கடை கண்ணுக்கு முன்னாலை நான் தின்னமாட்டன்."

நான் முற்றத்துக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன்.

பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மெழுகுக்கு யாரும் வரவில்லை. சுவாமி மட்டும் பேணியில் அடிக்கட்டை சேர்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. தம்பி என்னோடு கோபித்துச் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. சன்னலில் கிடந்த சீலையை எடுத்து மடித்து என் பாயில் வைத்துவிட்டுப் போனான்.

பக்கத்து வளவுக்காரிக்குப் பெண்குழந்தை பிறந்தது. முழு மாதம், நல்ல நிறை, ஊரைக் கூட்டுகிற குரல். நேர்த்தியைத் திரும்ப வைக்க வேண்டுமென்று மச்சாளிடம் கேட்டாள். மச்சாள் ஊதுகுழலை எடுத்தாள், ஆனால் என் குசினியில் விளக்கை ஏற்றவில்லை. பக்கத்து வளவிலேயே சாக்கைக் கட்டிக் காற்றை மறைத்துச் செய்தாள். உமிச்சட்டியும் அங்கேதான் ஆறியது. மாமி பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தாவாம். நான் பார்க்கப் போகவில்லை. எப்படி வந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் எப்போதும் என்னிடம் சேர்ந்தேதான் வரும்.

அதற்கு அடுத்த கிழமை தம்பி கோயிலுக்கு அங்கால் ஒரு கொட்டில் போட்டான். எனக்குச் சொன்னது மச்சாள்தான். குசினிக்குள் வந்து, நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தினாள்.

"மச்சாள், நாங்கள் அங்காலை போறம்."

"கேள்விப்பட்டன்," என்றேன். "கோபத்திலையோ?"

"இல்லை. சத்தியமா உங்களிலை எனக்குக் கோபமில்லை. நீங்கள் அண்டைக்கு வந்து சொல்லாட்டி அந்தப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும்." கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "ஆனால் எனக்கும் இப்ப ரெண்டு மாசம் மச்சாள்."

அடுப்பு அணைந்துவிட்டது. நான் திரும்ப ஊதவில்லை.

ஊதுகுழலும் காப்பு நொறுங்கலும் கிடந்த அவள் பெட்டி கனம். அவள் தனியே தூக்கப் போனாள். "வேண்டாம், தூக்காதை," என்று சொல்லி நான் தூக்கிக்கொண்டு போய்த் தம்பியின் சைக்கிளில் கட்டிவிட்டேன். அவள் படலையில் நின்று, போட்டு வாறன் என்றாள். கவனமாகப் போ, வயிறு கவனம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயால் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று பட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.